பதிற்றுப்பத்தின் பாட்டுக்குறிப்பும் இணையத்தளக் குறிச்சொல்லும்

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கிய பின் சங்கப் பனுவல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. எனினும் பாடல் கிடைப்பது வேறு. விரும்பிய பாடல்களை ஒருசேர எடுத்து வேறொரு வரிசையில் வைத்துப் பார்ப்பது வேறு. உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் தரும் பயன் இரண்டாவதே. ஒருமுறை சேமித்த பாடலைப் படியெடுக்காமலே, குறிச்சொற்களைக் கொண்டு பல பக்கங்களில் தோன்றச் செய்யலாம். வேர்ட்பிரஸ் 2007இல் வெளியிட்ட 2.3ஆம் பதிப்பில், கிளைத்துச் செல்லும் பகுப்புகளோடு, கிளையற்ற குறிச்சொற்களும் இடம்பெற்றன. இவ்விரண்டின் வேறுபாட்டை உணராமல் சங்க நூல்களைத் தளத்தில் ஏற்றும்போது நேரும் இழப்பையே இக்கட்டுரை சுட்டுகிறது.

ஐங்குறுநூறு பகுப்புமுறைக்கு இயல்பாகவே பொருந்துவது. திணைக்கு நூறு, நூற்றுக்குப் பத்துப் பத்துகள் என அது மரம்போல் கிளைக்கிறது. ஆயினும் பத்துகளின் பெயர்கள் ஓர் அளவுகோலில் அமைந்தவை அல்ல. களவன் பத்து, எருமைப் பத்து என்பன உயிரினத்தாலும், புலவிப் பத்து சூழலாலும் பெயர்பெற்றன. களவன் பத்தின் பாடலுக்கும் கூற்றுக்குரியார் உண்டு. பகுப்பின் பெயரை மட்டும் நம்பினால் அவர் மறைந்துபோவார்.

பதிற்றுப்பத்தின் நிலை வேறு. கிடைத்துள்ள எட்டுப் பத்துகளின் பாடல்கள் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்னும் நான்கு குறிப்புகளைக் கொண்டுள்ளன. பொருள், ஓசை, யாப்பு, பாட்டின் தலைப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சாராத அளவுகோல்கள். ஒரே பாட்டுக்கு இருவகை வண்ணமும் இருவகைத் தூக்கும் குறிக்கப்படுவதும் உண்டு. இவற்றைக் கிளைகளாக அடுக்க இயலாது. நான்கு தனித்தனிச் சொற்றொகுதிகளாக வைத்தல் வேண்டும். டுருபால் போன்ற அமைப்புகளில் இதற்கு இடமுண்டு. மாறாக, நான்கையும் ஒரே குறிச்சொல் பட்டியலில் கொட்டினால், மிகுதியாக வரும் செந்துறைப் பாடாண்பாட்டும் ஒழுகு வண்ணமும் முன்னே நின்று, அரிய துறைகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பெரும்பாலான பாடல்களுக்குப் பொருந்தும் குறிச்சொல்லால் தேடுவோர்க்குப் பயன் குறைவு. பாட்டின் பெயரோ பாட்டிலுள்ள தொடரிலிருந்தே எடுக்கப்பட்டது. அது தலைப்புக்கு உரியதேயன்றி வகைப்பாட்டுக்கு உரியதன்று.

இதனினும் முதன்மையான சிக்கல் குறிப்புகளின் உரிமை பற்றியது. திணை, துறை, கூற்றுக் குறிப்புகள் புலவர் எழுதியவை அல்ல, தொகுத்தோரோ பின்வந்தோரோ வகுத்தவை என்பதே அறிஞர் பலரின் கருத்து. அச்சு நூலில் அவை பாட்டுக்குப் புறத்தே, தனி வரியில் நிற்பதால் கற்போர் ஐயுறவும் வாய்ப்புண்டு. தளத்தில் அதே குறிப்பு பாடல்களைத் திரட்டும் வாயிலாகி விடுகிறது. புறநானூற்றின் 2ஆம் பாட்டுக்குச் செவியறிவுறூஉ எனத் துறை கூறி, வாழ்த்தியலும் ஆம் என்கிறது பழங்குறிப்பு. இந்த ‘ஆம்’ ஓர் ஆய்வாளரின் தயக்கத்தையோ இசைவையோ காட்டுவது. இரண்டையும் நிகரான குறிச்சொற்களாக இட்டால் அந்நுட்பம் அழியும். குறிப்புக் கிடைக்காத புறப்பாடல்களும் உள. அங்கே ‘கிடைத்திலது’ எனப் பதியாமல் இடத்தை வெறிதே விட்டால், அப்பாடல்கள் எந்தத் திரட்டிலும் வாரா. எனவே ஒவ்வொரு குறிச்சொல்லோடும் அதனை வகுத்தவர் பழங்குறிப்பாளரா, உரைகாரரா, பதிப்பாசிரியரா என்பதும் சேமிக்கப்படல் வேண்டும். இதனைக் கணினியாளரின் வேலை என ஒதுக்குவது பொருந்தாது. இது பதிப்பியல்.

எழுத்துருச் சிக்கலும் ஒன்றுண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவோ தட்டச்சிடலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகரெனக் கொள்வதால், தளம் சேமிக்குமுன் இயல்பாக்கம் செய்தால் வேறுபாடு நீங்கும். ஔவையார் என்னும் பெயரின் முதலெழுத்தை ‘ஒ’, ‘ள’ என இரண்டாக இட்டாலோ, கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் அப்பெயர் வேறு குறிச்சொல்லாகி, ஒரே புலவரின் பாடல்கள் இரு பக்கங்களாகப் பிரியும். இயல்பாக்கத்தால் இப்பிழை நீங்காது. தமிழறிந்தவர் ஒருவர் பட்டியலைப் படித்துப் பார்த்தே திருத்த வேண்டியுள்ளது.