கட்டினால் படகு, அவிழ்த்தால் கட்டை

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2019 நவம்பர் வரை கடல் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் மாமல்லபுரமும் கோவளமும் அதோடு போய்விட்டன. கடலில் பாய் விரித்துப் பார்க்கும் ஆசையில் நான் பஸ் ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போனேன்.

எடுத்துக்கொண்டது கட்டுமரம், கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து நாமே கோக்கும் படகு. இதேபோல உதிரியாக வாங்கி நாமே கோக்கும் ‘கிட்’ படகுகளில் பேர் வாங்கியது, 1963-இல் பிரிட்டனில் வந்த மிர்ரர். ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடியிழைப் பட்டை வைத்து ரெசின் பூசினால் படகு தயார். (பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகு அதற்கு வெகுகாலம் முன்பே நம் கரையில் அலை தாண்டியது.) ஆனால் மிர்ரரைக் கோத்தால் கோத்ததுதான். கட்டுமரத்தைக் கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள், திரும்பியதும் அவிழ்ப்பார்கள். ஆங்கிலக்காரர்கள் நம்மிடம் இந்தப் பெயரை வாங்கி, பசிபிக் தீவுப் பாணி இரட்டை உடல் படகுக்கு வைத்துவிட்டார்கள். அது வேறு சாதி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். வரிசையாக பைபர் படகுகள், எல்லாவற்றிலும் என்ஜின். ஒரே ஒரு பெரியவர் பழைய முக்கோணப் பாயைச் சுருட்டி வைத்திருந்தார். அவருடைய கட்டுமரம் நான்கு கட்டைகள், நடுவில் இருப்பவை சற்றுத் தாழ்ந்தும் ஓரத்தில் இருப்பவை ஏறியும் ஆழமில்லாத தொட்டில் மாதிரி. அணியம் எனும் முன்முனையிலும் பின்னாலும் குறுக்குக் கட்டை, வெட்டிய காடியில் கயிறு. ஆணி கிடையாது.

பட்டுத் தறிக்குப் பாவு பிணைக்கும் வீட்டில் பிறந்தவன் என்ற தெம்பில் நான் ஒரு கட்டு போட்டேன். பெரியவர் கட்டைவிரலால் நெம்பினார், அவிழ்ந்தது. பட்டிழையைச் சாம்பல் தொட்டு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். இங்கே காலை மரத்தில் உதைத்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். “தேங்காநார் நனைஞ்சா இறுகும். இந்த நைலான் வழுக்கும், ரெண்டு சுத்து கூட போடு” என்றார்.

அலையில்தான் கட்டுமரத்தின் அருமை தெரிந்தது. முதல் அலை இடுப்புக்கு மேல் ஏறியது, கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போயிற்று. வாரி இறைக்க ஒன்றுமில்லை. தண்ணீர் புகுந்து மூழ்க இதற்கு வயிறே இல்லையே! மிர்ரராக இருந்தால் அங்கேயே தொட்டியாகியிருக்கும்.

“பாய்க்குக் கீழ குந்து தம்பி.” காற்று பக்கவாட்டில் பிடித்ததும் மரம் ஓடியது, ஓடியதைவிட அதிகமாகக் காற்றோடு ஒதுங்கியது. பெரியவர் ஒரு பலகையைக் கட்டைகளுக்கு நடுவே செங்குத்தாகச் செருகினார். பிரேக் பிடித்தது போல ஒதுங்கல் குறைந்து, அணியம் நேரானது. அரை மணி நேரம் துடுப்பைச் சுக்கானாக்கிச் சொகுசாகப் போனோம். நனையாத அங்குலம் உடம்பில் இல்லை என்பது தனிக் கதை.

திரும்பும்போது காற்று எதிர். இதில் மிர்ரர் கெட்டி, கட்டுமரம் தேறாது. நான்கு முறை திருப்பியும் அதே தென்னைமரம்தான் நேரே தெரிந்தது. பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு போட்டோம். என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

கரையில் கட்டு அவிழ்த்தோம். காலையில் நானும் பெரியவரும் தூக்கிய நடுக்கட்டைக்கு இப்போது மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. இலேசான மரம், குடித்த தண்ணீர் அவ்வளவு. நாளைக்கு இன்னொரு முறை போகலாமா என்றேன்.

“நாளைக்கா? இது காய வேணாமா?”