துணிவுக்குப் பின்: கல்கியின் வரலாற்றுப் புதினங்களில் இளைய தலைமக்களின் வளர்ச்சி

முன்னுரை

இளமையையும் வீரத்தையும் இணைத்துக் காணும் மரபு தமிழில் மிகப் பழைமையானது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளம் பருவத்திலேயே போர்க்களம் புகுந்ததை இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றில் வியந்து பாடியுள்ளார். கிண்கிணி நீங்கிய காலில் கழல் ஏறிவிட்டது. கழுத்தில் சிறுபிள்ளைக்குரிய ஐம்படைத்தாலி இன்னும் நீங்கவில்லை. அந்த முரணே புலவரின் வியப்புக்குக் காரணமாகிறது. அம்மன்னன் அத்துணிவை எங்கே கற்றான், வென்ற பின் அவன் உள்ளம் என்னவாயிற்று என்னும் வினாக்கள் அப்பாடலுக்குரியன அல்ல. ஒரு கணத்தின் ஒளியைப் பிடித்துக் காட்டுவது அதன் பணி.

புதினத்தின் இயல்பு வேறு. அது காலத்தில் நடக்கும் கலை. வீரச்செயல் ஒன்றைச் செய்த இளைஞன் மறுநாளும் விழித்தெழ வேண்டும். தன் செயலின் விளைவுகளோடு வாழவேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கல்கியின் 'பார்த்திபன் கனவு' (1941-43), 'சிவகாமியின் சபதம்' (1944-46), 'பொன்னியின் செல்வன்' (1950-54) ஆகிய மூன்று புதினங்களின் இளைய தலைமக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்புதினங்களை மாணவர்க்கு அறிமுகப்படுத்தும்போது பாத்திரங்களின் வீரச்செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றையே பண்புநலன் என முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் இப்படைப்புகளின் உயிரான பகுதியைத் தவறவிடுகிறது என்பது நம் கருத்து. இவ்விளைஞர்கள் கதைக்குள் நுழையும்போதே துணிவுடையவர்கள். அவர்களின் வளர்ச்சி, அத்துணிவு போதாமற்போகும் இடத்தில் தொடங்குகிறது.

பிறர் காத்த துணிவு: விக்கிரமன்

'பார்த்திபன் கனவு' தந்தையின் கனவை மகன்மீது ஏற்றிவைக்கும் கதை. பார்த்திபன் தான் தீட்டிய ஓவியங்களைச் சிறுவன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். சோழநாட்டின் விடுதலையை அவனுள் விதைத்துவிட்டுப் போர்க்களத்தில் மடிகிறான். வளர்ந்த விக்கிரமன் உறையூரில் கொடி உயர்த்த முற்படுகிறான். உடன் நின்றோர் சிலரே. மாரப்ப பூபதியின் வஞ்சகமும் சேர, முயற்சி தோற்கிறது. இளவரசன் நாடு கடத்தப்படுகிறான்.

இத்தோல்வி நுட்பமான ஒரு வினாவை எழுப்புகிறது. விக்கிரமனின் துணிவு அவனுடையதா, அவன் தந்தையுடையதா? விடை காணும் வாய்ப்பைச் செண்பகத் தீவு தருகிறது. கடல்கடந்த அம்மண்ணில் அவன் அரசனாகிறான். எனினும் கல்கி அத்தீவு வாழ்க்கையை விரைந்து கடந்துவிடுகிறார். திரும்பி வந்த விக்கிரமனைச் சிவனடியார் மீண்டும் மீண்டும் காக்கிறார். அவரே நரசிம்மவர்மர் என்பது வெளிப்படும்போது, தந்தையின் பகைவனே மகனின் காவலனாக இருந்தான் என்னும் உண்மை வாசகரை நெகிழச் செய்கிறது. ஆனால் வளர்ச்சி என்னும் நோக்கில் இதற்கொரு விலை உண்டு. சுதந்திரச் சோழநாடு விக்கிரமனுக்கு இறுதியில் வழங்கப்படுகிறது. அவன் வென்றெடுத்ததாக அது அமையவில்லை. பெரியவர்கள் வகுத்த எல்லைக்குள் இயங்கிய துணிவாகவே அவனது துணிவு நின்றுவிடுகிறது. மூவருள் மிகக் குறைவாக வளர்ந்தவன் விக்கிரமனே எனலாம்.

வேலெறிந்தவன் வாளைத் துறத்தல்: பரஞ்சோதி

'சிவகாமியின் சபத'த்தின் முதற்பாகத்திற்குப் 'பரஞ்சோதி யாத்திரை' என்று கல்கி பெயரிட்டுள்ளமை நோக்கத்தக்கது. கல்வி கற்கும் பொருட்டுக் காஞ்சிக்கு வருகிறான் ஒரு கிராமத்து இளைஞன். வந்த அன்றே, ஆயனரும் சிவகாமியும் அமர்ந்த சிவிகையை நோக்கிப் பாய்ந்துவரும் மதயானையின்மீது வேலெறிகிறான். எண்ணிப் பார்த்துச் செய்த செயலன்று அது. மரபு வழிப்பட்ட வீரக்கதையாயின் பரிசும் பாராட்டும் தொடர்ந்திருக்கும். கல்கியோ அவனை அன்றிரவே சிறையில் வைக்கிறார்.

அடுத்து நிகழ்வது இன்னும் கூர்மையானது. அஜந்தா வண்ணத்தின் மறைபொருளை அறிந்துவரச் செல்வதாக நம்பி, நாகநந்தியடிகளின் ஓலையைப் பரஞ்சோதி சுமந்து செல்கிறான். அது புலிகேசிக்குரிய ஓலை என்பது அவனுக்குத் தெரியாது. வழியில் வஜ்ரபாகு என்னும் பெயரில் வந்த மகேந்திர பல்லவர் அவ்வோலையை மாற்றிவிடுவதும் அவனுக்குத் தெரியாது. இரு பேரரசுகளின் சூழ்ச்சிக்கிடையே அஞ்சாமல் நடந்து செல்கிறான். அறியாமையால் வந்த அஞ்சாமை அது. அஞ்சத் தக்கதை அறிவதையும் அறிவின் ஒரு கூறாக 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்தவர் திருவள்ளுவர். பரஞ்சோதியின் முதற்பாடம் அத்தகையது: தன் கையில் இருப்பது யாருடைய ஓலை என்று அறியாதவனின் வீரம் பிறர் கைக்கருவியாகிவிடும்.

காஞ்சிக் கோட்டையின் தளபதியாக அவன் உயரும்போது இப்பாடம் பயன்படுகிறது. முற்றுகைக் காலத்தில் வேண்டப்படுவது பாய்ச்சலைவிடப் பொறுமையே. கோட்டைக்குள் அடைபட்டுக் காத்திருப்பதும் வீரமே என்பதை மகேந்திரரிடம் அவன் கற்கிறான். இறுதியில் வாதாபியை அழித்த சேனாதிபதி வாளைத் துறந்து சிறுத்தொண்டராகிறார். வெற்றியின் உச்சியில் நின்று வெற்றியை வினவும் துணிவே அவருடைய முதிர்ச்சியாகும்.

இங்கு இரு குறிப்புகளைச் சொல்லவேண்டும். ஒன்று, கல்கியின் குறை. மூன்றாம் பாகத்திற்கும் நான்காம் பாகத்திற்கும் இடையே கதை பல ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. படை திரட்டிய அந்நீண்ட காலத்தில் பரஞ்சோதியின் மனம் எவ்வாறு மாறிற்று என்பதை நாம் அருகிலிருந்து காண இயலவில்லை. பெரியபுராணம் அறிந்த வாசகர் முடிவை ஏற்கெனவே அறிவர் என்னும் நம்பிக்கையில் கல்கி அவ்விடைவெளியை விட்டுவிட்டார் போலும். மற்றொன்று, கல்கியின் தெரிவு. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர், அடியவருக்கு அமுதூட்டத் தம் மகன் சீராளனையே அரிந்தவர். புதினம் அந்நிகழ்வைத் தன் கதைக்குள் கொண்டுவரவில்லை. வாளைக் கீழே வைத்தவராகவே அவரை நம்மிடமிருந்து விடைபெறச் செய்கிறது. பக்தியின் எல்லையைக் காட்டிய காப்பியத் தலைவரை, போரின் எல்லையை உணர்ந்த புதினத் தலைவராக மாற்றிய தெரிவு இது.

சிவகாமியின் சூளுரை

இளைய தலைமக்கள் என்றதும் ஆண்களையே எண்ணுவது நம் பழக்கம். ஆயினும் புதினத்தின் பெயரே ஓர் இளம்பெண்ணின் துணிவைச் சுட்டுகிறது. சிறைப்பட்ட தமிழர் படும் சாட்டையடியைத் தடுக்க வாதாபியின் வீதியில் ஆடிய சிவகாமி, அந்நகர் எரிந்தாலன்றி அங்கிருந்து வெளியேறேன் எனச் சூளுரைக்கிறாள். மாமல்லர் மாறுவேடத்தில் மீட்க வரும்போதும் மறுக்கிறாள். அச்சமற்ற சொல்தான் அது. ஆனால் ஒரு நொடியின் வெஞ்சினத்தில் பிறந்த சொல் பல்லாண்டுகளைப் பிணித்துவிடுகிறது. அதன் விலையைப் படைவீரரும் வாதாபி மக்களும் அவளுடைய காதலும் செலுத்துகின்றன. சூளுரை நிறைவேறும்போது, அதைச் சொன்ன பெண் பழைய சிவகாமியாக இல்லை. மாமல்லரின் மனைவி பாண்டிய இளவரசி என்பதை அறிந்து, ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்படைத்து ஆடுகிறாள்.

இம்முடிவைப் பக்தி நெறியின் வெற்றியாக மட்டும் கொள்வது போதாது. சொன்ன சொல்லைக் காப்பதே வீரம் என்னும் மரபுக் கருத்தின் மறுபக்கத்தைக் கல்கி இங்கே திறந்து காட்டுகிறார். சபதம் நிறைவேறிய நான்காம் பாகத்திற்கு அவர் இட்ட பெயர் 'சிதைந்த கனவு'.

தோல்வியைச் சுமத்தல்: வந்தியத்தேவன்

வாசகரின் அன்பை மிகுதியாகப் பெற்றவன் வந்தியத்தேவன். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது தோன்றும் அவனிடம் துணிவுக்குப் பஞ்சமில்லை. ஆதித்த கரிகாலனின் ஓலைகளை அவனும் சுமந்து வருகிறான். ஆனால் பரஞ்சோதியைப் போல அறியாமல் சுமக்கவில்லை. கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதியைக் கேட்ட பின், அவன் சுமப்பது ஓலையினும் கனமான ஒன்று. பொய்யும் சொற்சாதுரியமும் அவனுக்குப் பல வாயில்களைத் திறக்கின்றன. வாசகரும் அவனோடு சேர்ந்து சிரிக்கின்றனர்.

அச்சிரிப்பு அடங்கும் இடமே அவன் வளரும் இடம். கரிகாலனைக் காக்கும் பொறுப்பைக் குந்தவை அவனிடம் ஒப்படைக்கிறாள். அவனால் காக்க முடியவில்லை. அதே அறையில் ஒளிந்திருந்தும் மரணத்தைத் தடுக்க இயலாதவனாகிறான். கொலைப்பழியும் அவன்மீதே விழுகிறது. எத்தனையோ பொய்களால் தப்பியவனை இப்போது அவனுடைய உண்மை மட்டும் விடுவிக்கப் போதவில்லை. பாதாளச் சிறையில் கிடக்கும் வந்தியத்தேவன், ஏரிக்கரையில் நாம் கண்ட இளைஞன் அல்லன்.

இப்புதினத்தின் மற்றோர் இளைஞனான அருள்மொழிவர்மன், கைக்கெட்டிய மணிமகுடத்தை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கிறான். சிற்றப்பன் அரசாள விரும்பும்வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவதும், இராசராசன் 985இல்தான் முடிசூடினான் என்பதும் வரலாறு. அவ்வரலாற்று இடைவெளியைத் 'தியாக சிகரம்' என்னும் ஐந்தாம் பாகமாகக் கல்கி நிரப்பினார். மகுடத்தைக் கைப்பற்றும் துணிவை முன்னைய கதைகள் பல பாடின. காத்திருக்கும் துணிவை இப்புதினம் உச்சியில் வைத்தது.

முடிவுரை

மூன்று புதினங்களையும் காலவரிசையில் நோக்கின் ஒரு நகர்வு புலனாகிறது. விக்கிரமனின் துணிவைப் பெரியவர்கள் காக்கின்றனர். பரஞ்சோதியின் துணிவைப் பெரியவர்கள் பயன்படுத்துகின்றனர், பின்னர்ப் பயிற்றுகின்றனர். வந்தியத்தேவனின் துணிவு, காக்க ஆளில்லாத இடத்தில் தனித்து நின்று தோற்கிறது. தற்செயல் நிகழ்வுகளும் மாறுவேடங்களும் மிகுந்த இப்படைப்புகளை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர், தலைமக்களைத் தோற்கவிடும் இத்துணிச்சலைக் கருதவேண்டும்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். யானைமீது வேலெறிந்தவன் யார் என்னும் வினாவுக்கு மாணவர் எளிதில் விடையளிப்பர். வேலெறிந்தவன் பின்னாளில் ஏன் வாளைத் துறந்தான் என்று கேட்டால் அவர்கள் சற்றே மௌனமாவர். பின்னர்த் தங்கள் சொந்தச் சொற்களைத் தேடுவர். ஐம்படைத்தாலி அணிந்த வீரனை வியக்கும் பருவத்திலிருந்து அவன் நெஞ்சைப் புரிந்துகொள்ளும் பருவத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் வழி, அத்தகைய வினாக்களில்தான் இருக்கிறது.