சூழ்ச்சியும் சதியும்

மறைவிற் கூடிப் பிறர்க்குக் கேடு எண்ணுவோரைச் சூழ்ச்சிக்கூட்டம் என்றும் சதிக்கும்பல் என்றும் இன்று வழங்குகிறோம். மாணவர் இவ்விரு சொற்களையும் ஒருபொருட் கிளவிகளாகவே கொள்கின்றனர். அங்ஙனம் கொள்வதால் பழம்பாடலின் பொருளும் திரிகிறது. அண்மை வரலாறும் திரிகிறது.

சூழ்தல் என்பதன் அடிப்பொருள் சுற்றிநிற்றல். ஒன்றனை எப்பக்கத்தும் நின்று நோக்கி ஆராய்தல் என்பது அதன் வழித் தோன்றிய பொருள் போலும். குறள் 671இல் வரும் சூழ்ச்சிக்குப் பரிமேலழகர் விசாரம் என்றே பொருள் கொண்டார். 445ஆம் குறள் அரசனுக்கு ஆய்ந்துரைக்கும் அமைச்சரையே சூழ்வார் என்கிறது. இவற்றினும் வலிய சான்று 204ஆம் குறள். ஆண்டுப் பிறனுக்குக் கேடு சூழ்பவனும் உளன்; அவனுக்குக் கேடு சூழும் அறமும் உண்டு. வினை இரண்டிடத்தும் ஒன்றே. தீமை வினைச்சொல்லில் இல்லை. அது கொண்ட செயப்படுபொருளில் உள்ளது. அறத்தைச் சதிகாரன் என்பார் உளரோ? இன்றைய இழிபொருளைப் பழம்பாடலில் ஏற்றிப் படிப்பார்க்கு இக்குறளே போதிய விடை.

நாற்றம் இழிபொருட்பேறு எய்தியவாறே சூழ்ச்சியும் எய்தியது. அமைச்சர் ஆய்வு மறைவில் நிகழ்வது. மறைவு ஐயத்தை விளைப்பது. ஆங்கிலத்தின் ‘கபால்’ என்னும் சொல்லும் இத்தகையதே. எபிரேய மறைபொருட் கல்வியின் பெயர் பிரெஞ்சு வழியாக வந்து சதிக்கூட்டத்தைக் குறித்தது. இரண்டாம் சார்லசின் அமைச்சர் ஐவருடைய பெயர் முதலெழுத்துக்களால் அது பிறந்தது என்பர். அவர்க்கு முன்பே சொல் வழங்கியமையின் அது வெறுங்கதை. (மயிலைக் கபாலிக்கும் இதற்கும் உறவில்லை என்பதையும் சொல்லிவிடுதல் நன்று.)

சதியின் நிலை வேறு. சூழ்ச்சி ஒருகாலத்தில் சூழ்வார் தமக்கே உரிய சொல்லாய் இருந்தது. சதியோ பிறர் இட்டு வழங்கும் பெயர். தன்னைச் சதிக்கூட்டம் என்று அழைத்துக்கொண்ட அமைப்பு எதனையும் யாம் கண்டதில்லை. 1911 சூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். நீலகண்ட பிரம்மச்சாரி முதலிய பதினால்வர் மீது நிகழ்ந்த வழக்கு ‘திருநெல்வேலிச் சதி வழக்கு’ எனப்பட்டது. அவர்தம் அமைப்பின் பெயரோ பாரத மாதா சங்கம். ஒரே கூட்டம் உள்ளிருந்தார்க்குச் சங்கம், அரசுக்குச் சதி. வரலாறு எழுதுவோர் பலர் வழக்கின் பெயரையே கூட்டத்தின் இயல்பாகக் கொண்டுவிடுகின்றனர். கொலையை ஒப்பாதவரும் இவ்வேறுபாட்டை ஒப்புதல் வேண்டும்.

சட்டச் சொல் இன்னும் குறுகியது. 1913இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட குற்றமுறு சதிக்கு இருவரது உடன்பாடு வேண்டும். மறைவு அதற்கு இன்றியமையாததன்று.

ஆகவே அகராதியில் சூழ்ச்சிக்கு ஆராய்ச்சி என்னும் பொருளை முன்னும் வஞ்சம் என்பதைப் பின்னும் காலமுறைப்படி அமைத்தலும், சதிக்கூட்டம் என்பதற்குப் ‘பிறர் இடும் பெயர்’ எனக் குறித்தலும் வேண்டும். பொருள் திரிந்த காலத்தை வரையறுக்க அச்சு ஊழியின் சான்றுகள் இன்றியமையாதன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பேணும் பழைய நூல்களிலும் இதழ்களிலும் அவற்றைத் தேடப் புகுவோர் 1911, 1912ஆம் ஆண்டுகளினின்று தொடங்கிப் பின்னோக்கிச் செல்லலாம்.