மூலமும் உரையும்: சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்களை முன்வைத்து

1

விண்டோஸ் இருக்கிறது, லினக்ஸ் இருக்கிறது. இருந்தும் தனக்கென்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை (இயங்குதளம்) அடியிலிருந்து எழுதுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. எழுதியதைப் பயன்படுத்த ஆள் கிடையாது. வருஷக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்த பிறகு திரையில் ஒரு ஜன்னலும் ஒரு கடிகாரமும் வரும். அதைப் படம் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். மற்றவர்கள் தங்களுடையதைக் காட்டுவார்கள். ‘இதை யாரு பயன்படுத்தப் போறா?’ என்று கேட்கிறவரை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. முந்நூறு பிரதி அச்சடித்துப் பாதியை வீட்டுப் பரணில் அடுக்கி வைக்கும் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த மனநிலை புரியாத ஒன்றல்ல.

ஆனால் இந்த ஒப்புமையோடு நின்றுவிட்டால் அது அனுதாபமாகத்தான் முடியும், விமர்சனம் ஆகாது. இந்த முயற்சிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒன்றாகவும் செய்வது வேறொன்றாகவும் இருக்கின்றன என்பது என் வாசிப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முதல்நூல், வழிநூல், உரை என்று நம் இலக்கண மரபு வைத்திருக்கும் பாகுபாடு உதவும். கம்ப்யூட்டரில் தமிழ் எம்.ஏ.வுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

2

இந்த வட்டாரத்தின் மந்திரச் சொல் ‘பூஜ்யத்திலிருந்து’ என்பது. அடுத்தவன் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை, எல்லாம் என் கை. அதாவது, முதல்நூல். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தோம். இவர்களிடத்தில் அவன் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறான்.

அந்தப் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். பழைய பயாஸ் வழியில் பூட் ஆகும் பி.சி.யில் மின்சாரம் வந்ததும் வட்டின் முதல் 512 பைட்டுகள் நினைவகத்தில் 31 கிலோபைட்டைத் தாண்டிய இடத்தில் ஏற்றப்படுகின்றன. ஏன் 31? 1981இல் ஐபிஎம் தன் பி.சி.க்கு 32 கிலோபைட் நினைவகத்தைக் கணக்கில் வைத்து, அதன் கடைசி ஒரு கிலோபைட்டை இதற்கு ஒதுக்கியது. ப்ராஸஸர் 1978இன் 8086 மாதிரியே கண் விழிக்கிறது. ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்தைச் சரியாகத் தொட வேண்டுமானால் 1984இன் ஐபிஎம் ஏ.டி. எந்திரத்தில் வைத்த ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். அந்தப் பூட்டின் கட்டுப்பாட்டைக் கீபோர்டைக் கவனிக்கும் சில்லிடம் ஒப்படைத்திருந்தார்கள். காரணம், அந்தச் சில்லில் ஒரு கால் சும்மா கிடந்தது, அவ்வளவுதான். பூஜ்யத்திலிருந்து எழுதுகிறவர் இந்தச் சம்பிரதாயங்கள் ஒவ்வொன்றுக்கும் தலைவணங்கிய பிறகே ‘என்னுடையது’ என்ற முதல் வரிக்கு வந்து சேர்கிறார்.

திரையில் தோன்றும் முதல் எழுத்தும் அப்படித்தான். விஜிஏ அட்டையின் எழுத்து முறையில் 256 வடிவங்கள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டு அல்லது ஒன்பது புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்ல நினைவகத்தில் சில எண்களை எழுதினால் போதும். தமிழில் அது முடியாது. நம் 247 எழுத்துகளும் எண்ணிக்கையில் 256க்குள் அடங்கிவிடும்; ‘ணௌ’ அந்த அகலத்தில் அடங்காது. யூனிகோடில் 1991இலேயே தமிழ் ஏறிவிட்டது, வாஸ்தவம். ஆனால் ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின்னால் பதிவாகும் கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு தனி அடுக்கு நிரல் வேண்டும். ஆக, பூஜ்யம் என்று நம்பப்படுகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு மொழி உட்கார்ந்திருக்கிறது.

சரி, எழுதி முடித்ததும் என்ன வருகிறது? பெரும்பாலும் யூனிக்ஸின் சாயல். அதே கோப்பு, அதே டைரக்டரி, அதே ஷெல். 1993இல் வந்த டூம் விளையாட்டை ஓட்டிக் காட்டுவது ஒரு கிரகப்பிரவேசச் சடங்கு. இலக்கணப்படி சொன்னால் இவை வழிநூல்கள். 2018இல் ஸ்வீடன்காரர் ஆண்ட்ரியாஸ் க்ளிங் தொடங்கிய செரினிட்டிஓஎஸ் இதில் நாணயமானது. போதை மீட்பு சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர் கையில் மிஞ்சிய நேரத்தை நிரப்ப எழுதத் தொடங்கியது அது. பெயரே மீட்புக் கூட்டங்களில் சொல்லப்படும் பிரார்த்தனையிலிருந்து வந்ததுதான். யூனிக்ஸின் உள்ளமைப்பு, 1990களின் ஜன்னல் தோற்றம் என்று தன் மூலங்களை அது வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டது.

3

முதல்நூல் இல்லை என்பதால் மதிப்பில்லை என்று ஆகிவிடாது. இவற்றின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது.

1977இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைத் தன் மாணவர்களுக்காக இரண்டு புத்தகங்களாக்கினார். ஒன்றில் பத்தாயிரம் வரிக்கும் குறைவான மூல நிரல், மற்றதில் அதற்கு விளக்கம். மூலமும் உரையும்! பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் செய்த அதே காரியம். 1979இன் ஏழாம் பதிப்போடு வந்த உரிம நிபந்தனை மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதைத் தடுத்தது. அதன் பிறகு லயன்ஸின் உரை ஜெராக்ஸின் ஜெராக்ஸாக, எழுத்து மங்கிய பிரதிகளாகக் கைமாறியது. முறையாக அச்சேறியது 1996இல்தான். தடைசெய்யப்பட்ட பிரதியின் சரித்திரம் நமக்குத் தெரிந்ததுதானே. இங்கே தடைசெய்யப்பட்டது ஓர் உரை.

அந்தத் தடையின் விளைவாகவே ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனன்பாம் 1987இல் மினிக்ஸை எழுதினார். மாணவர்கள் படிப்பதற்கென்றே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் நிரலைத் தாங்கிய பாடநூலோடு. அதைப் படித்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் கெர்னலை அறிவித்தபோது சும்மா பொழுதுபோக்குக்கு என்றுதான் சொன்னார். பொழுதுபோக்கு எனப்பட்ட அது இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டி, ஆண்ட்ராய்டு ஃபோன்களின் அடியில் ஓடுகிறது. இந்த வெற்றிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கதை.

மினிக்ஸின் ஒரு வடிவம் இன்டெல் ப்ராஸஸர்களோடு வரும் மேலாண்மைச் சில்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது 2017இல் பரவலாகத் தெரியவந்தது. அது நீங்கள் நிறுவும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் கீழே இருக்கிறது. எந்திரத்தின் சொந்தக்காரர் அதைத் திறந்து படிக்க முடியாது. டனன்பாமுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. மினிக்ஸின் தாராளமான உரிமம் அப்படிச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. வாசிப்பதற்கென்றே எழுதப்பட்ட பிரதி, யாரும் வாசிக்க முடியாத அதிகார அடுக்காக மாறிப்போனது. திறந்த மூலம் என்று கொண்டாடும் தோழர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பிரதியை எழுதியவர் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அடுத்து அதைக் கையில் எடுப்பவரும் திறந்தே வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் பிரதிக்குள் இருக்க வேண்டும். 1992இல் லினக்ஸ் ஏற்றுக்கொண்ட ஜிபிஎல் உரிமத்தின் அரசியல் இதுதான்.

4

முதல்நூல் உரிமைகோரலை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் அமெரிக்காவின் டெர்ரி டேவிஸ். மொழி, கம்பைலர், கெர்னல் எல்லாவற்றையும் தனியாளாக எழுதி டெம்பிள்ஓஎஸ் என்று பெயரிட்டார். 640க்கு 480 திரையும் 16 நிறங்களும் கடவுள் இட்ட கட்டளை என்றார். இறையனார் களவியலுக்கு இறைவனே ஆசிரியன் என்ற கதை நம்மிடம் உண்டு. அங்கும் சரியான உரை எது என்று சொல்ல ஒரு ஊமைப் பிள்ளை தேவைப்பட்டது. டேவிஸுக்கு உரைகாரர்கள் கிடைக்கவில்லை, பார்வையாளர்கள்தான் கிடைத்தார்கள். மனச்சிதைவு நோயாளியான அவரைச் சீண்டி, அவர் வாயிலிருந்து வந்த இனவெறி வசைகளை ரசித்து, பைத்தியக்கார மேதை என்ற புனைவைக் கட்டினார்கள். வீடற்று அலைந்த அவர் 2018 ஆகஸ்டில் ஓரிகனில் ரயில் மோதி இறந்தார். எந்த வரியையும் யாரும் திறந்து படிக்கலாம் என்று அவர் அமைத்து வைத்திருந்த அந்த நிரலைப் படித்தவர்களைவிட அவரை வேடிக்கை பார்த்தவர்களே அதிகம்.

காட்சிப்படுத்தும் கலாச்சாரத்தின் தர்க்கம் இதுதான். ஸ்கிரீன்ஷாட் பிரதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு: காட்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ராத்திரி முழுக்க கெர்னலோடு மல்லுக்கட்டுகிறவனுக்குச் சோறு போட்டது யார், பிள்ளையைத் தூங்க வைத்தது யார் என்ற கணக்கு ‘எல்லாம் என் கை’ என்ற வாக்கியத்தில் வராது.

5

அப்படியானால் இவற்றை எதை வைத்து மதிப்பிடுவது? எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதோ, எவ்வளவு சுயம்பு என்பதோ எனக்கு அளவுகோல் இல்லை. அடுத்து வருகிற வாசகருக்கு எதை விட்டுச் செல்கிறது என்பதே கேள்வி. எம்.ஐ.டி.யில் 2006இல், லயன்ஸ் உரையெழுதிய அதே ஆறாம் பதிப்பை இன்றைய எந்திரங்களுக்காகத் திரும்ப எழுதி, கூடவே ஓர் உரைநூலும் சேர்த்தார்கள் (எக்ஸ்வி6). ஒரு புது அம்சமும் இல்லாத பிரதி அது. சொந்த சிஸ்டம் எழுதப் புறப்பட்ட எத்தனையோ பேருக்கு வாசல் அதுதான்.

இந்த வாசல் திறந்தே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பி.சி.க்களில் முதல் நிரலுக்கே மைக்ரோசாஃப்ட் ஏற்ற கையெழுத்து வேண்டும் என்பது இயல்புநிலையாக ஆகிவிட்டது; பி.சி.யில் அதை அணைக்க இன்னும் வழி இருக்கிறது. ஐபோனில் நீங்களே எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பூட் செய்ய ஆப்பிள் எந்த வழியும் வைக்கவில்லை. கையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் ஃபோன்தான் என்று வாழும் ஜனங்களுக்கு, அடியில் என்ன ஓடுகிறது என்று வாசிக்கும் உரிமை கேட்காமலேயே பறிபோயிருக்கிறது. அது தாங்கள் கேட்க வேண்டிய உரிமை என்று அவர்களுக்குச் சொன்னவர்களும் இல்லை. தகவல் அறியும் உரிமைக்காகத் தெருவில் நின்ற நாம், தினமும் பதினாறு மணி நேரம் பக்கத்தில் வைத்திருக்கும் எந்திரத்தைப் பற்றி அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

512 பைட்டில் ஒரு பூட் நிரல் எழுதித் திரையில் ஒரே ஒரு எழுத்தை வரவழைக்கும் பதினேழு வயதுப் பெண்ணோ பையனோ புதிதாக எதையும் படைத்துவிடவில்லை. இந்த எந்திரம் கீழ்வரை வாசிக்கக் கூடியது, அதற்கு நானும் உரை எழுதுவேன் என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்த எழுத்து தமிழாக இருக்க வேண்டுமானால் வேலை இன்னும் அதிகம். அந்த வேலையை யாராவது செய்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் உரையும் எழுதினால், அதை வெளியிடுவது நம் பத்திரிகைகளின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.