தகவமைப்பு யார் செயல்? நடுநிலைப்பள்ளி அறிவியலில் சூழலியல், பரிணாமச் சொற்கள்

தமிழ்க் கலைச்சொல்லாக்க வரலாற்றில் திருநெல்வேலிக்குத் தனியிடம் உண்டு. 1934இல் நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் பெருமுயற்சியால் பள்ளிப் பாடங்களுக்குரிய சொற்களைத் தொகுத்து 1938இல் ‘கலைச்சொற்கள்’ என வெளியிட்டது. வடசொல்லா தென்சொல்லா என்பதே அக்காலத்து வழக்கு. 1940இல் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைந்த அரசுக்குழுவை எதிர்த்தெழுந்த குரல்களும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. அவ்வழக்கில் தமிழ் பெரும்பாலும் வென்றது. ஆனால், சொல்லின் பிறப்பை ஆராய்ந்த அளவுக்கு, அச்சொல் வாக்கியத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பது ஆராயப்படவில்லை. இன்றைய நடுநிலைப்பள்ளி அறிவியலில் இடர்ப்பாடு அங்கேதான் உள்ளது.

‘தகவமைப்பு’ என்னும் சொல்லை நோக்கலாம். பிறப்பில் குறை காண இயலாத தமிழ்ச்சொல். தமிழக ஆறாம் வகுப்பில், விலங்குகளின் வாழிடம் பற்றிய பாடத்தில் மாணவர் இதனைக் கற்கின்றனர். பெயராக நிற்கும்வரை தீங்கில்லை. வினையாக விரியும்போது ‘விலங்குகள் தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன’ என்றாகிறது; பொதுநூல்களிலும் வகுப்பறைப் பேச்சிலும் இதுவே பரவலான வழக்கு. ‘கொள்’ என்னும் துணைவினை தற்பயன் சுட்டுவது. எனவே, விலங்கு தன் தேவையறிந்து தானே உடலை மாற்றிக்கொண்டது என்னும் பொருள் பிறக்கிறது. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வுக்கு இது நேர்மாறானது. ‘கதவு மூடிக்கொண்டது’ என்பதில் கதவுக்கு விருப்பம் இல்லையே என மறுக்கலாம். அங்கு வினை செயப்படுபொருள் குன்றியது; ‘தம்மை’ என்னும் செயப்படுபொருளை ஏற்றுவரும் தொடர் அத்தகையதன்று.

தாமிரபரணிப் பாசன வயல்களில் மாணவர் நாள்தோறும் காணும் மடையானைக் கொண்டு இதனை விளக்கலாம். வரப்பில் அமர்ந்திருக்கையில் அதன் பழுப்பு நிறம் சேற்றோடு கலந்துவிடும். எழுந்து பறந்தால்தான் வெண்சிறகு தோன்றும். அருகே செல்லும்வரை அசையாதிருப்பதால் குருட்டுக்கொக்கு என்றும் பெயர். ‘மடையான் மறைந்திருப்பதற்காகத் தன் நிறத்தை அமைத்துக்கொண்டது’ என்பது எளிய வாக்கியம். பிழையான வாக்கியமும் அதுவே. எளிதிற் புலப்படாதவை மிகுதியாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கு அந்நிறம் வாய்த்தது. தலைமுறைகளினூடே அவ்வினம் தகவமைந்தது. அமைத்தல், அமைதல் எனப் பிறவினையையும் தன்வினையையும் பிரித்துக் காட்டும் வசதி தமிழிலேயே இருக்கிறது. பயன்படுத்தாதிருப்பது நாம்தான்.

பத்தாம் வகுப்பில்தான் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ தனிப்பாடமாகிறது. அதற்கு நான்காண்டு முன்பே பிழையான வினை மனத்தில் பதிந்துவிடுகிறது. அங்கும் சொற்சிக்கல் உண்டு. ‘பரிணாம வளர்ச்சி’ என்னும் தொடர் மாற்றத்தை முன்னேற்றமாக்கிவிடுகிறது. தனித்தமிழார்வலர் வழங்கும் ‘படிமலர்ச்சி’ ஏணிப்படியை நினைவூட்டுகிறது. ஈழத்து வழக்கான ‘கூர்ப்பு’ம் மேன்மேலும் கூர்மையுறுதலைக் குறிக்கும். சாங்கியர் பரிணாமத்துக்குக் காட்டும் உவமை பால் தயிராவது. தயிர் பாலினும் உயர்ந்த படிநிலை என எவரும் கருதார்! தமிழாய்வாளர் சிலருக்கு உவப்பாக இராவிடினும், பொருள்நோக்கில் ‘வளர்ச்சி’ சேராத ‘பரிணாமம்’ என்ற வடசொல்லே இவற்றுள் குறைவான தீங்குடையது என்பது என் துணிபு.

ஈழவழக்கு பிறிதோரிடத்தில் நம்மினும் சிறந்துள்ளது. புல்லை ‘உற்பத்தியாளர்’ என்றும் ஆட்டை ‘நுகர்வோர்’ என்றும் உயர்திணை ஈற்றால் வழங்குகிறோம். அவர்கள் ‘உற்பத்தியாக்கி’, ‘நுகரி’ என்பர். திணை மயக்கம் நீங்குவதோடு, கடைத்தெரு நுகர்வோரின் நினைவும் நீங்குகிறது.

‘சூழ்நிலை மண்டலம்’ என்பதும் ஆராயத்தக்கது. டான்சிலி இதன் ஆங்கில மூலச்சொல்லை முதன்முதலில் அச்சில் வழங்கியது 1935இல், நெல்லைச் சங்கம் தோன்றிய மறு ஆண்டில். அவர் சுட்டியது உயிருள்ளவையும் அல்லாதவையும் சேர்ந்தியங்கும் தொகுதியை. மண்டலம் என்றதும் மாணவர் மனத்தில் எல்லையுடைய ஓரிடமே எழும். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தைப் பாடமாக்கின் இம்மயக்கம் தீரும். 1994இல் பறவைகள் காப்பகமான அக்குளத்துக்குத் தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் அணைநீர் கால்வாய்வழி வருகிறது. பறவைகள் குளத்தில் இரைதேடி, ஊர்மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த வண்டலை ஊரார் அள்ளி வயலுக்கு உரமாக இடுகின்றனர். குளத்து மீன் பறவை வழியே நெல்லாகிறது. இத்தொடர்பு குளக்கரையோடு நிற்பதில்லை. ‘சூழற்றொகுதி’ என்னும் ஈழத்துச் சொல்லை இதற்கு ஆளலாம். மீன், எச்சம், வண்டல், பயிர் ஆகிய பெயர்களை அவ்வூர் மாணவர் பள்ளிக்கு வருமுன்பே அறிவர். பாடநூல் அவர்களுக்கு இனித் தரவேண்டியவை, அவற்றை இணைக்கும் வினைச்சொற்கள்.