நான்கடித் தொட்டியில் சுறாக்குட்டி

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதெனக் கருதப்படும் உண்மையான சுறாக்களுள் முதன்மையானது, மலாயில் யூ சிசாக் எனப்படும் மூங்கில் சுறா ஆகும். நன்னீர் மீன்கடைகளில் சில்வர் ஷார்க் என்ற பெயரில் விற்கப்படுவது கெண்டைக் குடும்பத்து மீன். அது இங்குக் கருதப்படவில்லை. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இழுவலைகளில் மிகுதியாக அகப்படும் மூங்கில் சுறா, கடலடியில் அசையாது கிடந்தபடியே செவுள்களுக்குள் நீரை இழுத்து மூச்சுவிட வல்லது என்பதாலேயே அதனை வீட்டில் வளர்க்கலாம் என்ற எண்ணம் பரவியது. அவ்வெண்ணத்தின் தகுதியை அதற்கு இரையூட்டும் முறையே தெளிவாகக் காட்டுகிறது.

முட்டையுறைக்குள் ஏறத்தாழ நான்கைந்து மாதம் வளர்ந்து, சுமார் 15 செ.மீ. நீளத்தில் வெளிவரும் குட்டி, உடலில் எஞ்சிய மஞ்சள்கருவைக் கொண்டு சில நாள் உயிர்வாழ்வதால் முதலில் இரையைத் தீண்டாது. அந்நாள்களில் பொறுமை இழந்து வாயில் இரையைத் திணிப்பது தீங்கானது. இருள் கவியும் வேளையில் கணவாயையோ இறாலையோ சிறு துண்டாக நறுக்கி, இடுக்கியால் மூக்கருகே வைப்பதே தக்க முறை. மணத்தாலும், இரையின் நுண்ணிய மின்புலத்தை உணரும் தோற்குழிகளான லோரென்சினி உறுப்புகளாலும் குட்டி அதனைக் கண்டுகொள்ளும். இடுக்கியைப் பழகிய குட்டி எவ்வளவு தின்றது என்பதை வளர்ப்பவர் துல்லியமாக அறிய முடிவதும், நோயின் முதல் அடையாளமான பசியின்மையை அன்றே கண்டறிய முடிவதும் இம்முறையின் மெய்யான சிறப்புகள்.

குறை இரையின் தரத்தில் தொடங்குகிறது. அரோவானாவுக்கு உயிர்மீன் இடும் பழக்கத்தைச் சுறாவுக்கும் நீட்டுவோர் உண்டு. ஆனால் இரைக்கென விற்கப்படும் தங்கமீனில் பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் தயாமினேஸ் என்னும் நொதி இருப்பதோடு, நோய்க்கிருமிகளும் அதனுடன் தொட்டிக்குள் வந்துசேரும். ஒரே வகை உறைமீனை நாள்தோறும் இடுவதும் சத்துக் குறைவையே விளைவிக்கும்.

அளவு மிகுவது இதனினும் கேடானது. புரதம் செறிந்த இரையின் கழிவு அம்மோனியாவாக வெளிப்பட, வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் நீரில் திரண்டால் சுறாவின் தைராய்டுச் சுரப்பி அயோடினை ஏற்பது தடைப்பட்டு, தொண்டையில் கழலை உண்டாகிறது. அயோடின் கலந்த உயிர்ச்சத்து மாத்திரையை இரைக்குள் வைத்துக் கொடுப்போர்கூட, நீரை மாற்றாவிடில் அதன் முழுப் பயனைப் பெறுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பமும் இங்கு எதிராகவே நிற்கிறது: குளிரூட்டும் கருவியின்றி 30 பாகையை எட்டும் நீரில் உயிர்வளி குறைய, செரிமானத்துக்கோ அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எல்லாம் செவ்வனே நடந்தாலும் பெரும் இடர் நீங்குவதில்லை. நன்கு உண்ணும் குட்டி ஏறத்தாழ 1 மீட்டர் வரை வளரும். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உடைய தொட்டியில் அது திரும்பவும் முடியாது. 8 அடி நீளம், 4 அடி அகலம், 2½ அடி உயரமுள்ள தொட்டியோ 2,265 லிட்டர் கொள்ளும். அக்கடல்நீரின் எடை மட்டும் சதுர மீட்டருக்கு 750 கிலோவுக்கு மேற்படும். குடியிருப்பு மாடித் தளமோ பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கே வடிவமைக்கப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வாழ்பவர் இக்கணக்கை முட்டை வாங்குமுன்னரே போட வேண்டும். தொட்டியின் அளவுக்குள் மீன் தன் வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும் என்று நம்பி இரையைக் குறைப்பது, பட்டினியால் உடலைக் குலைப்பதேயன்றி வேறன்று. வளர்ந்தபின் கிள்ளான் துறைமுகக் கடலில் விடுவதும் தீர்வாகாது. தொட்டி நோய்கள் அதனுடன் கடலுக்குள் செல்லக்கூடும்.

அருகிவரும் மீன்களைக் காக்க மலேசியா 1999இல் இயற்றிய விதிமுறைகள் திமிங்கிலச் சுறா முதலிய சிலவற்றைக் காக்கின்றன; மூங்கில் சுறா அவற்றுள் இல்லை. எனவே அதன் நலம் வாங்குபவரின் மனச்சான்றையே சார்ந்திருக்கிறது. தரைத்தளத்தில் பெருந்தொட்டி அமைக்க வல்லவர் இதனை வளர்ப்பதில் பயன் உண்டு. அவ்வசதியற்ற வீட்டில் வளர்ப்பது, இரையூட்டல் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், ஏற்கத்தக்கதன்று.