வீசாமல் நிற்கும் நேரம்

பாலவாக்கம் கடற்கரையில் காலை நடைக்கு வருகிறவர்கள் வீச்சுவலைக்காரரைக் கண்டு நின்றால், அவர்கள் எதிர்பார்த்து நிற்பது ஒரே ஒரு நொடியைத்தான். தோளிலும் முழங்கையிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தங்கூசி வலை, இடுப்பு திரும்பும் வேகத்தில் கையை விட்டுப் பறந்து, காற்றிலேயே வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக்குண்டுகள் எல்லாம் ஒருசேர நீரில் விழும் நொடி. கைபேசிகள் உயர்வதும் அப்போதுதான். அழகான காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் ரசனை அந்த வட்டத்தோடு நின்றுபோவது, தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானத்துக்கு மட்டும் கைதட்டிவிட்டு எழுந்து வருவதைப் போன்றது. வட்டம் பழக்கத்தில் வந்துவிடும். உடம்பில் வலுவுள்ள பையன் விடாமல் வீசிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். எங்கே வீசுவது, எப்போது வீசுவது என்பதற்குத்தான் ஆயுசு போதாது. வீச்சுவலையைக் கலை என்று சொல்வதானால் அதை முன்னிட்டே சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். 10 அடி ஆரமுள்ள வலை ஒரு குறையுமில்லாமல் விரிந்தால் மூடுவது 314 சதுர அடி. கண்ணுக்கெட்டிய கடலில் அது எம்மாத்திரம்? வீச்சு வெறுமையாகப் போனாலும் வலையை இழுத்து, சேற்றையும் குப்பையையும் உதறி, சிக்கெடுத்து, மறுபடி மடித்துத் தோளில் ஏற்றியாக வேண்டும். அதற்குள் அந்தச் சத்தத்தில் கலைந்த மீன் எங்கோ போயிருக்கும். ஆகவே குருட்டாம்போக்கில் வீசுகிறவரைக் கடல் சீக்கிரமே களைக்க வைத்துவிடும். தேர்ந்தவர் முழங்காலளவு நீரில் நெடுநேரம் சும்மா நிற்பது இதனால்தான். அப்படி நிற்கையில் அவர் பார்ப்பவை பல. கரைக்குச் சற்று அப்பால் மணல்திட்டின் மேல்தான் அலை முதலில் உடையும். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அங்கே நுரை அடங்கி நீர் கறுத்திருக்கும். திட்டு எங்கேனும் அறுந்திருந்தால், உள்ளே ஏறிய தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியே கடலுக்குத் திரும்பும். மணலைக் கிளறி, புழுவையும் பொடி இறாலையும் இழுத்துக்கொண்டு போகும். இரை போகும் வழியில் மீன் இருக்கும். கிழங்கான் அடிமணலை ஒட்டி மேயும், மணல் நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. மடவை கூட்டமாக மேலாக வரும். அலையின் போக்குக்கு ஒட்டாத ஒரு சிலிர்ப்பு நீர்ப்பரப்பில் தெரியும், அவ்வளவே அடையாளம். வலை விழுவதற்குள் துள்ளித் தாண்டிவிடும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. அதனால் கூட்டம் இருக்கும் இடத்தில் வீசக் கூடாது, அது போய்ச் சேரப்போகும் இடத்தில் வீச வேண்டும்.

வெயிலும் இதில் ஒரு கட்சி. கிழக்குக் கரையில் காலை வேளையில் வலைக்காரரின் நிழல் முதுகுக்குப் பின்னால் மணலில் விழும், மீன் மிரளாது. ஆனால் எதிர்வெயிலின் பளபளப்பில் நீருக்குள் ஒன்றும் தெரியாது. மாலையில் கண்ணுக்கு நீர் தெளிந்து கொடுக்கும். ஆனால் நிழல் நீண்டு மீனின் மேலேயே போய் விழும். போதாததற்கு நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. தெற்கிலிருந்து வடக்கே போவதைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து தெற்கே வருவதை வண்ணி என்றும் இந்தக் கரையில் சொல்வார்கள். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தின் மூத்த மீனவர் பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கவனித்துச் சொன்னவை எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. நீரோட்டம் மாறினால் மணல்திட்டும் இடம் மாறும். போன மாதம் மீன் கொடுத்த பள்ளம் இந்த மாதம் தூர்ந்து கிடக்கும்.

இதே அறிவு தூண்டில் கலை ஒன்றில் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. சிற்றோடைகளில் டிரவுட் மீனுக்கு இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சியாக்கி வீசும் ஃப்ளை ஃபிஷிங்தான் அது. நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர ஃபிரான்சிஸ் டே 1860-களில் செய்த முயற்சி பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் டிரவுட் அங்கே நிலைகொண்டது. கல்லுக்குப் பின்னால் வேகம் தணிந்த இடத்தில், எதிரோட்டத்தை நோக்கி நின்றபடி, மிதந்து வரும் பூச்சிக்குக் காத்திருக்கும் மீன் அது. பொய்ப்பூச்சி ஓடையின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும்; நூல் கொஞ்சம் இழுத்தாலும் மீன் தொடாது. வெள்ளைக்காரர் ஓடைக்கரையில் குனிந்து பதுங்கிப் பார்த்ததும் நிழல், ஓட்டம், இரை வரும் வழி ஆகியவற்றைத்தான். மதராஸ் மாகாணத்து அதிகாரி எச். எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் கலைக்கென்றே 1873-இல் ஒரு நூல் எழுதினார். வீச்சுவலைக்கு அப்படியொரு ரசனை நூல் வந்து நிலைக்கவில்லை. அங்கே மீன் பிடித்தவருக்கே எழுத ஓய்வும் இருந்தது, இங்கே இல்லை.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தூண்டில்காரர் தனக்குத் தானே விதி வகுத்துக்கொள்கிறார், பிடித்ததைத் திரும்ப விடவும் செய்கிறார். வலைக்காரருக்கு அது பிழைப்பு, பிழைப்பில் ஏது கலை என்பது வாதம். காஞ்சிபுரத்து நெசவையும் சுவாமிமலை ஐம்பொன் சிலையையும் கூலி வாங்கினார்கள் என்பதற்காக யாரும் கலையிலிருந்து தள்ளிவைக்கவில்லையே. விதியும் இங்கே இல்லாமலில்லை: இரண்டு கை, காலூன்ற எட்டும் ஆழம், அந்த 314 சதுர அடி. இழுவைமடி விசைப்படகுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது. பொடிக்கண்ணி வலையை முகத்துவாரத்தில் வீசினால், அங்கே வளரும் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் அழிகின்றன. இதை மழுப்ப முடியாது. எந்த மீனுக்கு எந்தக் கண்ணி என்று தெரிவதும் இந்தக் கலையில் சேர்த்திதான். பொடிக்கண்ணியால் வாரிக்கொண்டு போகிறவர் எவ்வளவு வட்டமாக வீசினாலும் தேர்ந்தவர் இல்லை.

வட்டமே பிழையாகிப்போகும் இடங்களும் உண்டு. அடையாற்றின் உடைந்த பாலத்தருகே நீருக்கடியில் இடிபாடு கிடக்கிறது. அங்கே அகல விரித்தால் வலை கல்லில் மாட்டிக் கிழியும். விவரம் தெரிந்தவர் சுழற்சியைப் பாதியில் அடக்கி, வலையை நீள்வாக்கில், இரண்டு கற்களுக்கு நடுவே விழும்படி ஒடுக்கி வீசுவார். வட்டமாக விரித்து வீசுவதைவிட இது கடினம். படம் எடுக்க மட்டும் லாயக்கில்லை.